டிரம் வாங்கும் முன் பெடலைப் பாருங்கள்

எலக்ட்ரானிக் டிரம் வாங்க யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் முதலில் போனைத்தான் நீட்டுவார்கள். "அண்ணே, இதுல நானூறு சவுண்டு இருக்காம். இன்னொண்ணுல கம்மி, ஆனா வெலையும் கம்மி. எதை எடுக்கலாம்?" நான் படத்தைப் பெரிதாக்கி, தரையோடு ஒட்டிக் கிடக்கிற பாகத்தைத்தான் தேடுவேன். பெரிய டிரம்மைக் காலால் அடிக்கிற கிக் எப்படி இருக்கிறது, ஜோடித் தட்டை மிதித்து மூடுகிற ஹைஹாட் பெடல் எப்படி இருக்கிறது. அந்த இரண்டும் சரியில்லை என்றால் மேலே எத்தனை தட்டு தொங்கினாலும் பிரயோஜனம் இல்லை. கூடுதல் காசு கொடுத்து, கையால் மட்டும் அடிக்கிற ஒரு பெரிய ஆக்டோபேட் வாங்கியதாகத்தான் முடியும்.

நான் பாம்பன்காரன். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பாடற்குழுவில் டிரம் வாசிக்கிறேன். மேடை கலக்குகிற வாசிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கரையில் யார் கிட் (டிரம் செட்) வாங்கினாலும் பெட்டி பிரிக்க, பூட்ட, துருப்பிடித்த நட்டைக் கழற்ற என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் தாளம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வாத்தியம் பெரும்பாலும் ஆக்டோபேட். ரோலண்ட் கம்பெனி 1985-இல் கொண்டுவந்த பொருள். எட்டு ரப்பர் கட்டம், ஒரு ஸ்டாண்டு, இரண்டு குச்சி. தபேலா, டோலக், டிரம் எல்லாம் அந்த ஒரே பலகையில். பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு போய்விடலாம் என்பதால் மெல்லிசைக் குழு, கல்யாண மேடை, கோயில் திருவிழா, சர்ச் என்று எல்லா இடத்திலும் அதுதான். குறை சொல்லவில்லை, பிழைப்புக்கு அதைவிடத் தோதான தாள வாத்தியம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. ஆனால் அதில் கிக்கையும் கையால்தான் அடிக்கிறோம். பல வருஷம் பேட் வாசித்து ஊரில் பேர் வாங்கியவர் டிரம் செட்டில் உட்கார்ந்தால் இடது கை கிக்கைத் தேடி அலையும், கால் இரண்டும் சும்மா தரையில் இருக்கும்.

டிரம் செட் என்ற ஏற்பாடே காலால் உண்டானது. முன்பு பாண்டு வாத்தியத்தில் பெரிய டிரம்முக்கு ஓர் ஆள், சின்ன ஸ்நேர் டிரம்முக்கு ஓர் ஆள். நம் நையாண்டி மேளத்தில் தவிலுக்கு ஒருவர், பம்பைக்கு ஒருவர் நிற்கிற மாதிரி. 1909-இல் அமெரிக்காவில் லுட்விக் என்பவர் வேகமாக வேலை செய்யும் கிக் பெடல் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய டிரம் காலுக்குப் போனது. 1920-களில் தரையோரம் கிடந்த கால் ஜால்ராவைக் கம்பி வைத்து உயர்த்தி ஹைஹாட் ஆக்கினார்கள். இடது காலுக்கும் வேலை வந்தது. நான்கு உறுப்பும் தனித்தனியாக ஓட வேண்டும் என்பதுதான் இதில் படிக்க வேண்டியதே. ஆகவே அந்த இரண்டு பெடலையும் மலிவாகச் செய்து விற்கும் கிட், பாடத்தில் பாதியைக் கிழித்துவிட்டுத் தரும் புத்தகம்தான்.

இனி, எலக்ட்ரானிக் எதற்கு, நிஜ டிரம்மே வாங்கினால் என்ன என்ற கேள்வி. காசு மட்டும் பிரச்சினை இல்லை. எங்கள் தெருவில் பகல்தான் இரவு. கடலில் இராமுழுக்கக் கிடந்து விடியலில் கரை வந்து, மீனை இறக்கிப் பங்கு பிரித்துவிட்டு வந்து படுக்கிறவர் காலை பத்து மணிக்கு நல்ல உறக்கத்தில் இருப்பார். அடுத்த வீட்டுச் சுவர் கையெட்டும் தூரம். அங்கே உட்கார்ந்து ஸ்நேரை அடித்தால் முதல் வாரமே பஞ்சாயத்து வந்துவிடும். இரவில் படிக்கிற பிள்ளைகள், பகலில் தூங்குகிற கடல்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் சத்தம் போடத் தோதான நேரம் என்று ஒன்று கிடையாது.

எலக்ட்ரானிக் என்றால் சத்தமே வராது என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. ஹெட்போன் போட்டவருக்கு முழு டிரம் கேட்கும். அறையில் இருப்பவருக்குக் குச்சி ரப்பரில் விழும் 'டப் டப்' கேட்கும். அது சமாளிக்கக்கூடியது. கிக்தான் தொந்தரவு. அதன் சத்தம் காற்றில் போவதில்லை, தரை வழியாகப் போகிறது. கீழ்வீட்டுத் தரையில் வாசித்தால் பெரிதாகத் தெரியாது. மாடியில் வாடகைக்கு இருப்பவர் என்றால் கீழே இருப்பவருக்குத் தலையில் இடிக்கிற மாதிரி இருக்கும். வெளிநாட்டில் இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் டென்னிஸ் பந்துகளைப் பதித்து மேடை செய்து, அதன்மேல் கிட்டை வைப்பார்கள். பந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். இங்கே நாங்கள் படகோரம் கட்டும் பழைய டயரைத் துண்டு போட்டு, மேலே ஒரு கனமான பிளைவுட் வைத்துப் பார்த்தோம். பந்து அளவுக்கு இல்லை என்றாலும் கீழ்வீட்டு அக்கா மேலே ஏறி வருவது நின்றது.

கிக்கில் இரண்டு வகை. ஒன்று, சின்ன கோபுரம் மாதிரி நிற்கும் பேட். அதன்முன் நிஜ கிக் பெடலைப் பூட்டி மிதித்தால், பீட்டர் என்கிற சுத்தி மாதிரித் தண்டு அதில் போய் அடிக்கும். இன்னொன்று, பீட்டரே இல்லாமல் மிதித்தால் உள்ளே இருக்கும் உணர்கருவி புரிந்துகொள்ளும் பெடல். ஒரே வரிசையில் இரண்டும் கிடைக்கும் என்பதால் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. யமஹாவின் டிடிஎக்ஸ் 402 பீட்டர் இல்லாத கிக்கோடு வருகிறது. அதே வரிசையில் 432, 452 இரண்டும் பீட்டர் அடிக்கிற கிக் பேடோடு வருகின்றன. அலெசிஸ் கம்பெனியின் நைட்ரோ மெஷ் கிட்டில் கோபுரமும் பெடலும் உண்டு. பீட்டர் இல்லாதது சத்தம் குறைவு, இடம் குறைவு. மாடி வீட்டுக்காரருக்கு அதுதான் நியாயம். ஆனால் பீட்டர் போய் மோதித் திரும்புகிற அந்தத் துள்ளலைக் கால் படிக்காது. பின்னால் மேடையில் நிஜ கிட்டில் உட்காரும்போது பெடல் காலுக்கு அடங்காது. தரைவீடு இருக்கிறவர் யோசிக்காமல் கோபுரம் உள்ளதை எடுக்கலாம் என்பது என் கட்சி.

கடையில் சோதிக்கும்போது குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். மெல்லிய அடி மெல்லியதாகக் கேட்க வேண்டும். மலிவான கிக்கில் ஒன்று முழுச் சத்தம் வரும், இல்லை என்றால் ஒன்றும் வராது; நடுவில் எதுவும் இருக்காது. பிறகு 'தக தக' என்று இரட்டை அடியை வேகமாக மிதித்துப் பாருங்கள். நான்கு மிதித்தால் நான்கும் கேட்கிறதா? ஒன்றை விழுங்கினாலோ, மிதிக்காத ஐந்தாவது ஒன்று கேட்டாலோ உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடியை ஒலியாக்கும் பெட்டிதான் மாட்யூல். அதில் சென்சிட்டிவிட்டி, த்ரெஷோல்டு, ரீட்ரிகர் என்று சில எண்கள் இருக்கும். கடைக்காரரை அவற்றை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றியும் சரியாகவில்லை என்றால் எழுந்துவிடலாம்.

ஹைஹாட் சோதனை இதைவிட முக்கியம், இதை யாரும் செய்வதில்லை. வலது கையால் ஹைஹாட்டை விடாமல் தட்டிக்கொண்டே இடது பாதத்தை மிக மெதுவாக இறக்குங்கள். திறந்த 'ஷ்ஷ்' சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி 'டிக்' என்று அடங்க வேண்டும். சில கிட்டில் பாதி வரைக்கும் ஒன்றும் ஆகாது, திடீரென்று மூடிக்கொள்ளும். அதில் பாதி திறந்த ஹைஹாட்டை வாசிக்கவே முடியாது. அடுத்து, கையை எடுத்துவிட்டுக் காலால் மட்டும் மிதியுங்கள். 'சிக்' என்ற ஒலி தானாக வர வேண்டும். அந்தச் 'சிக்' சரியாக வராத கிட்டில் ஆரம்பித்தால் இடது கால் கடைசி வரை வேலை கற்காது.

பேடைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெஷ் வலையா ரப்பரா என்றால், ஸ்நேராவது மெஷ்ஷாக இருக்கட்டும். 1981-இல் சிம்மன்ஸ் கம்பெனியின் அறுகோண பேடுகள் வந்த காலத்தில் அவை பலகை மாதிரிக் கடினமாக இருந்து மணிக்கட்டைப் பதம் பார்த்தன. 1997-இல் ரோலண்ட் மெஷ் தலையைக் கொண்டுவந்த பிறகுதான் எலக்ட்ரானிக் டிரம்மை மணிக்கணக்கில் வாசிக்க முடிந்தது. மெஷ்ஷை டிரம் கீ வைத்து முறுக்கலாம், தளர்த்தலாம். சத்தமும் ரப்பரைவிடக் கம்மி. ஸ்நேரில் நடுவும் விளிம்பும் தனித்தனி ஒலி தர வேண்டும், அளவு 8 அங்குலத்தைவிட 10 இருந்தால் கைக்கு இடம் கிடைக்கும். கிராஷ் தட்டை அடித்துவிட்டு விளிம்பைப் பிடித்தால் ஒலி நிற்க வேண்டும். இவ்வளவுதான். நானூறு சவுண்டில் நீங்கள் வாசிக்கப் போவது ஒரு கிட்டின் சவுண்டைத்தான்.

பழைய கிட் வாங்குவது நம் பக்கத்தில் நல்ல வழி. கீழக்கரையில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டில் அங்கே ஆசையாக வாங்கிய கிட் பெட்டியோடு கிடக்கும். அப்படி ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வீட்டுக்கு ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மகன் துபாயில் வாங்கியது. "தம்பி, புதுசு மாதிரி இருக்கு பாருங்க, அடிச்சதே இல்ல" என்றார். அடிக்காமல் கிடந்ததுதான் எனக்குப் பயம். கடற்கரை வீட்டில் மூடி வைக்காத கிட் ஓடின கிட்டைவிட மோசமாகப் போயிருக்கும். "காக்கா, ஒரு அரை மணி நேரம் உக்காந்து பாத்துக்கிறோம்" என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினோம். டீ வந்தது, பிறகு வட்டலப்பம் என்கிற இனிப்பும் வந்தது. பேரம் பேசக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

பழையதில் பார்க்க வேண்டியது இது. ஒவ்வொரு பேடையும் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே பலத்தில் தட்டிக்கொண்டே போங்கள். உணர்கருவி நடுவில் இருக்கும் பேடில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும், அது இயல்பு. ஆனால் ஒரு பக்கம் முழுக்கச் செத்திருந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் நைந்திருக்கிறது. டாம் என்கிற நடுத்தர டிரம் ஒன்றைத் தட்டினால் கிராஷ் சேர்ந்து கேட்கிறதா என்று பாருங்கள். கம்பிச் சட்டத்தின் பிளாஸ்டிக் கவ்விகளில் விரிசல் உண்டா, ஹெட்போன் ஓட்டையில் செருகித் திருகினால் கரகரப்பு வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கேபிளைக் கட்டாயம் பாருங்கள். சில கிட்டில் ஒவ்வொரு பேடுக்கும் தனிக் கேபிள். கடையில் எங்கும் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். ஆரம்ப விலைக் கிட்டுகள் பலவற்றில் எல்லாக் கேபிளும் ஒரே கொத்தாக, பல முனை உள்ள பெரிய செருகியில் போய்ச் சேரும். அதில் ஒன்று அறுந்தால் கொத்தையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் சால்டர் பிடிக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும். அடாப்டர் அதனோடு வந்ததேதானா என்று கேளுங்கள். 9 வோல்ட் என்று எழுதியிருந்தால் போதும் என்று கையில் கிடைத்ததைச் செருகக் கூடாது. சிலவற்றில் நடுமுனை பாசிட்டிவ், சிலவற்றில் நெகட்டிவ். மாறிச் செருகினால் மாட்யூல் போய்விடலாம். துபாய் கரண்டும் நம்முடையதும் ஏறக்குறைய ஒரே வோல்ட் என்பதால் அதில் தொல்லை இல்லை. செருகியின் வடிவம் மட்டும் வேறு.

பையன் அந்தக் கிட்டை எடுத்தான். ஹைஹாட் பெடல் மட்டும் மடங்கும் இடத்தில் இறுகிக் கிடந்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தோம், வீட்டில் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டதும் சரியானது. அப்போது பாம்பன் பழைய பாலத்தில் ரயில் இல்லாத காலம். 2022 டிசம்பரில் நிறுத்தியவர்கள் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை வண்டியை மண்டபத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே மீன் வேனில்தான் கொண்டுவந்தோம். வாசம் போகச் சில நாளானது.

புதிது வாங்குகிறவர் விலைச்சீட்டை மட்டும் பார்த்துக் காசு சேர்க்க வேண்டாம். உட்காரும் ஸ்டூல், ஹெட்போன், குச்சி இவை பல கிட்டுகளின் பெட்டியில் இருக்காது. கோபுரக் கிக் என்றால் பெடலும் தனியாக இருக்கலாம். கிட்டுக்கு ஒதுக்கியதில் ஐந்தில் ஒரு பங்கையாவது இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூலில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போகும், காலைத் தூக்கவே பலம் போய்விடும். தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிந்திருக்கிற உயரம்தான் சரி. குச்சிக்கு 5ஏ அளவு எல்லோருக்கும் ஒத்துவரும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட மெல்லிய 7ஏ. மர முனை சிலாம்பு பெயர்ந்தால் மெஷ்ஷைக் கிழித்துவிடும், ஆகவே நைலான் முனை எடுங்கள்.

ஹெட்போன் வயர் உள்ளதாகத்தான் இருக்க வேண்டும். "என்கிட்ட நல்ல ப்ளூடூத் இருக்குண்ணே" என்று எல்லோரும் சொல்வார்கள். ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர நூறு மில்லி செகண்டுக்கு மேலேயே தாமதம் ஆகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் டெம்போவில் ஓர் அடியின் கால் பங்கே 125 மில்லி செகண்டுதான். அடித்தது ஓரிடம், கேட்டது இன்னோரிடம் என்றால் தாளம் எங்கே நிற்கும்? மாட்யூலிலேயே ப்ளூடூத் இருக்கிறதே என்றால், அது போனிலிருந்து பாட்டை உள்ளே வாங்குவதற்கு. பாட்டு மொத்தமாகத் தாமதித்து வந்தால் நஷ்டம் இல்லை, அதைக் கேட்டுத்தானே வாசிக்கப் போகிறோம். காதை முழுக்க மூடும் ஹெட்போனாக இருந்தால் ஒலியைக் குறைத்து வைத்தே வாசிக்கலாம். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் தாங்கும் நேரம் பாதியாகிவிடும் என்று கணக்கு.

வாங்கும் முன்பே படிக்க ஆரம்பிக்கலாம், ஆரம்பிப்பது நல்லதும்கூட. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையேறிவிடும், வலை பழுது பார்க்கும் வேலை போகப் பையன்கள் கையில் நேரம் இருக்கும், பள்ளியும் லீவு. அந்த நேரத்தில் ஒரு ரப்பர் பயிற்சிப் பேடும் ஒரு ஜோடி குச்சியும் வாங்கிக்கொள்ளுங்கள். தடைக்காலம் முடியும்வரை பேடில் விடாமல் உட்கார்ந்தவனுக்குக் கிட் வாங்கலாம். பாதியில் விட்டவனுக்குப் பெரிய நஷ்டமில்லை, போனது பேடு காசுதான்.

எப்படி ஆரம்பிப்பது? உச்சிப்புளிப் பக்கம் தவில் வாசிக்கிற பெரியவர் ஒருவர். நான் டிரம் பழகுவதைக் கேள்விப்பட்டு ஒருநாள் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "தம்பி, வாய் சொன்னதைக் கை செய்யணும். உங்களுக்குக் கை முன்னாடி ஓடுது, வாய் பின்னாடி வருது" என்றார். அதற்குப் பிறகு நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டில்தான் தொடங்குகிறேன். தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். 'தகதிமி தகஜொணு' என்று வாயால் சொல்லுங்கள், ஓர் அடிக்கு இரண்டு எழுத்து. முதலில் கை வேண்டாம். சொல் நிலைத்த பிறகு வலது, இடது என்று மாற்றி மாற்றி அடியுங்கள். பிறகு அதே எட்டு எழுத்துக்கு வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது. மேல்நாட்டில் இதற்குப் பாராடிடில் என்று பெயர். டிரம் படிக்கிறவர்கள் பழகும் நாற்பது அடிப்படை அடிமுறைகளில் இது ஒன்று. நாற்பதையும் முதல் வருஷத்தில் தேட வேண்டாம். ஒற்றை அடி, இரட்டை அடி, பாராடிடில் மூன்றும் சத்தம் ஏறாமல் இறங்காமல் வந்தால் போதும்.

காலுக்கு வருவோம். கிட் இல்லாவிட்டாலும் நாற்காலியில் உட்கார்ந்து இதைச் செய்யலாம். 'தகதிமி தகஜொணு'வில் இரண்டு 'த'-வுக்கும் வலது கால். 'தி'-க்கும் 'ஜொ'-வுக்கும் இடது கை. எட்டு எழுத்துக்கும் வலது கை. இதுதான் சினிமாப் பாட்டில் பாதிக்கும் மேல் ஓடுகிற அடிப்படை பீட். வலது கை ஹைஹாட், இடது கை ஸ்நேர், வலது கால் கிக். இது ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் ஃபில் (பாட்டின் இடைவெளியில் போடும் உருட்டு) அடிக்கப் போய்விடுவார்கள். போகாதீர்கள். வலது கையை ரைடு தட்டுக்கு மாற்றிவிட்டு, 'தி'-க்கும் 'ஜொ'-வுக்கும் இடது காலால் ஹைஹாட்டை மிதியுங்கள். முதல் நாள் எரிச்சல் வரும். இடது கால் போகிற இடத்துக்கெல்லாம் வலது காலும் கூடவே போகும். இந்த எரிச்சலைத் தாண்டிய ஆள் அப்புறம் வேகமாக வளர்கிறார். தாண்டாதவர் கையாலேயே சமாளித்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். இதை நான் பலரிடம் பார்த்துவிட்டேன்.

சர்ச்சில் வாசிக்கப் போகிறவருக்கு 'தகிட தகிட' இன்னும் அவசரம். நம் காணிக்கைப் பாட்டு, மாதா பாட்டு, ஏன் கிராமியப் பாட்டும் பாதிக்கு மேல் இந்த ஆறு எழுத்துக் கணக்கில்தான் போகிறது. ஆறுக்கும் ஹைஹாட், முதல் 'த'-வில் கிக், இரண்டாவது 'த'-வில் ஸ்நேர். நாலு கணக்கைவிட இது நம் காதுக்குப் பழக்கம் என்பதால் சீக்கிரம் வரும். யூட்யூபில் படிக்கிற பிள்ளைகள் நாலு கணக்கிலேயே ஊறிவிட்டு, பாடற்குழுவில் முதல் பாட்டிலேயே திணறுவதற்குக் காரணமும் இதுதான்.

உப்புக்காற்று. வெளியூர்க்காரர் எழுதிய எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது. பாம்பனில் இரண்டு பக்கமும் கடல். வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் ஏதோ ஒரு ஜன்னல் வழியாக உப்பு உள்ளே வரும். முதலில் போவது பெடல் ஸ்பிரிங், அடுத்து சட்டத்தின் சிறகு நட்டுகள், அடுத்து கேபிள் செருகும் ஓட்டைகள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து ஒரு பருத்திப் போர்வையைப் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், உள்ளே வேர்க்கும். பெடலின் ஸ்பிரிங்குக்கும் சங்கிலிக்கும் மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸை யாராவது தருவார்கள். வாங்காதீர்கள், அதில் மணல் ஒட்டிக்கொண்டு தேய்க்கும். செருகிகளை அவ்வப்போது கழற்றி மாட்டினால் உள்ளே பச்சை பிடிக்காது. கரகரப்பு வந்தால் எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம். மாட்யூலை மட்டும் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வைப்பது என் வழக்கம். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கோயிலுக்கோ மேடைக்கோ கொண்டுபோகும்போது மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கூம்பு ஸ்பீக்கர் மட்டும் கட்டியிருந்தால் கிக் கேட்கவே கேட்காது. கூம்பால் தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. 'டிக் டிக்' என்று மட்டும் போகும். பாக்ஸ் ஸ்பீக்கர் வேண்டும். மாட்யூலின் அவுட்புட்டிலிருந்து மிக்ஸருக்கு இரண்டு கேபிள், வாசிப்பவர் காதுக்கு ஹெட்போன். ஜூலையில் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா மாதிரிக் கூட்டம் சேரும் இடத்தில் ஜெனரேட்டரில் ஓட்டுவார்கள். விளக்குத் தொடரும் மாட்யூலும் ஒரே பலகையில் செருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் இணைத்ததும் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பாடற்குழுவில் வாசிப்பவருக்கு ஒலியைக் குறைக்கத் தெரிய வேண்டும். இதில்தான் எலக்ட்ரானிக் நமக்குப் பெரிய உதவி. கான்கிரீட் கூரைக் கோயிலுக்குள் நிஜ டிரம் அடித்தால் பாடுகிறவர் வார்த்தை ஒன்றும் புரியாது. தவக்காலத்தில் வாத்தியம் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும் என்பது வழிபாட்டு முறை. பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடி முடித்தால் பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் மறுபடி 'உன்னதங்களிலே' வரும் வரை டிரம்முக்கு வேலையே இல்லை. அந்த நாட்களில் நான் வீட்டில் மெட்ரோனோம் வைத்துக் கால் மட்டும் பழகுவேன்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் மாட்யூலை யூஎஸ்பி வழியாக இணைத்து, எம்டி பவர் டிரம் கிட் போன்ற இலவச மென்பொருளில் நல்ல ஒலியோடு வாசிக்கலாம். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ என்கிற ஒலி டிரைவர் போடாவிட்டால் ஒலி தாமதித்து வரும். இதற்காக மாட்யூலுக்கு அதிக விலை கொடுப்பதைத் தவிர்க்கலாம் என்பதால்தான் சொல்கிறேன். ஒலியைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பெடலும் பேடும் நாம் வாங்கியதோடு நின்றுவிடும்.

ஏற்கெனவே நல்ல ஆக்டோபேட் வைத்திருக்கிறவர் கிட் வாங்க அவசரப்பட வேண்டாம். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எஸ்பிடி-20, எஸ்பிடி-30 போன்றவற்றில் ஹைஹாட் பெடலுக்கு ஓர் ஓட்டையும் வெளிப் பேடுகளுக்கு ஓட்டைகளும் இருக்கும். பல வருஷம் வாசித்தவர்களே அதில் எதையும் செருகியதில்லை. ஒரு கிக் பேடும் பெடலும், ஒரு ஹைஹாட் பெடலும் பழையதாகத் தேடி வாங்கி இணைத்தால் கிட்டின் விலையில் ஒரு பகுதியிலேயே இரண்டு காலுக்கும் வேலை கிடைத்துவிடும். பேட் ஸ்டாண்டைக் கொஞ்சம் இறக்கி, உட்கார்ந்து வாசிக்கும் உயரத்துக்கு வையுங்கள். கிக் ஒலி இருக்கும் கட்டத்தை வேறு ஒலிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் கை பழைய இடத்துக்கே போகும்.